ஜெப்ரி பாவாவும் அவர்தம் பங்காளரும்

பதினெட்டு வயதிலே ஒருவன் தன் தொழிலை நிச்சயித்துவிட வேண்டும் என்பது நம்மவர் கொள்கை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாளே வைத்தியமா, பொறியியலா, சட்டமா என்ற கேள்வி வீட்டுத் திண்ணையில் எழுந்துவிடுகிறது. இம்மூன்றும் இல்லையென்றாற் பிள்ளையின் எதிர்காலம் இருண்டுவிட்டதென்றே பெற்றார் கருதுவர். பல்கலைக்கழகத்திற் பயிலும் நாமும் இக்கேள்விக்கு ஏதோவொரு விடை சொல்லித்தான் இங்கே வந்து சேர்ந்தோம். சொன்ன விடை சரியானதுதானா என்று இராக்காலத்தில் விடுதி விறாந்தையிலிருந்து விவாதிப்போரும் எம்மிடையே உளர். அத்தகையோர் அறியவேண்டிய சரித்திரம் ஒன்று இந்நாட்டிலேயே உண்டு. முப்பத்தெட்டாம் வயதில் ஒரு தொழிலுக்கு உரிமை பெற்று, அத்தொழிலிலே ஆசியா முழுவதும் அறியப்பட்ட ஒருவரின் சரித்திரம் அது. அவர்தாம் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. அவர் காலமான 2003 ஆம் ஆண்டிலே எம்மிற் பலர் பிறந்திருக்கவுமில்லை.

ஆயினும் அவரொருவரைப் பற்றி மாத்திரம் எழுதுதல் நமது நோக்கமன்று. அவர் தனித்து நின்று ஒரு சுவரையேனும் எழுப்பினாரில்லை. எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் என்ற பழைய கொழும்புக் கம்பனியின் பெயரிலேதான் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதி வேலையைச் செய்தார். அக்கம்பனியை நடத்திய பங்காளர் எவரெவர், அவர்கள் எத்தொழில் கற்று எவ்வழியால் அங்கே வந்தனர் என்று நோக்கினால் அவர் கட்டிய கட்டடங்களின் இரகசியம் ஒருவாறு புலனாகும் என்பது நமது துணிபு.

பாவா 1919 ஆம் ஆண்டு யூலை மாதம் 23 ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பாவா பெயர்பெற்ற சட்ட நிபுணர். முஸ்லிம் மரபும் ஆங்கில மரபும் கலந்த குடும்பத்தவர். தாயார் பேர்தா ஷ்றேடர் பறங்கியர் சமூகத்தினர். அவர் மரபிலோ ஜேர்மானியரும் ஸ்கொத்லாந்தரும் சிங்களவரும் கலந்திருந்தனர். ஆகவே பாவாவை இன்ன இனத்தவர் என்று ஒரு பெட்டியுள் அடைத்தல் எளிதன்று. தந்தையார் 1923 ஆம் ஆண்டிலே காலமானார். அப்போது ஜெப்ரிக்கு நான்கு வயதளவுதான். பத்து வயது மூத்த தமையனார் பெவிஸ் பாவா பின்னாளிலே பேருவளைக்கு அணித்தாக ஒரு பெருந் தோட்டத்தை உருவாக்கிப் புகழ்பெற்றார். தோட்டம் அமைக்கும் பித்து அக்குடும்பத்தின் இரத்தத்திலே இருந்தது போலும்.

கொழும்பு றோயல் கல்லூரியிற் கற்ற ஜெப்ரி, 1938 ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் சென்று சென் கதரின் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் இலண்டனிலே சட்டங் கற்று 1944 ஆம் ஆண்டிற் பாரிஸ்டர் ஆனார். உலக யுத்தம் ஓய்ந்தபின் நாடு திரும்பிக் கொழும்பிலே வழக்குத் தொழிலில் அமர்ந்தார். தகப்பன் அப்புக்காத்து, மகனும் அப்புக்காத்து. ஊரார் கண்ணுக்கு இதிலும் பார்க்கச் சீரான வழி வேறென்ன? ஆனால் அவர் மனம் அத்தொழிலிலே ஒட்டவில்லை. தாயாரும் இறந்தபின் 1946 ஆம் ஆண்டிலே கறுப்பு அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு உலகஞ் சுற்றப் புறப்பட்டார். கிழக்காசிய நாடுகள், அமெரிக்கா, ஐரோப்பா என்று ஏறக்குறைய இரண்டு வருடங்கள் அலைந்தார். இத்தாலி நாட்டிலே ஒரு மாளிகை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் எண்ணினார். அவ்வெண்ணம் கைகூடவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். தொழிலை உதறிவிட்டு இரண்டு வருடம் ஊர் சுற்றுவதற்குப் பணம் வேண்டும். அது அவரிடம் இருந்தது. தம்பி தங்கையரைக் கரைசேர்க்கவேண்டிய கடமையுள்ள ஒரு பட்டதாரி அவ்வாறு செய்யத் துணிவானாயின் அவனை நாம் புத்திசாலி என்று சொல்லமாட்டோம். பாவாவின் சரித்திரத்தை எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியிலே கடந்துவிடுகின்றனர். நமக்கு அது நேர்மையாகப் படவில்லை.

1948 ஆம் ஆண்டிலே இலங்கைக்குத் திரும்பிய பாவா, பெந்தோட்டைக்குச் சமீபத்திலே தெத்துவ வாவிக் கரையிற் கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இறப்பர்த் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். லுணுகங்கை என்பது அதன் பெயர். உப்பாறு என்பது பொருள். இத்தாலியிற் கண்ட உத்தியானங்களைப் போன்ற ஒன்றை இந்த ஈரப் பூமியிலே, இந்த மரஞ் செடிகளைக் கொண்டே ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இறப்பர் மரங்களை வெட்டினார், மேட்டைத் தாழ்த்தினார், தாழ்வை உயர்த்தினார். வீட்டுக்குத் தெற்கே கறுவாமேடு என்று ஒன்று உண்டு. அதன் உச்சியைச் சீவி இறக்கியதும், அதற்கு அப்பாலுள்ள நீர்ப்பரப்பும், தொலைவிலே ஒரு பௌத்த விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் வீட்டு வாசலிலிருந்தே தெரியலாயின. தமக்குச் சொந்தமல்லாத வாவியையும் கோபுரத்தையும் தம் தோட்டத்தின் பாகமாக்கிக் கொண்ட சாமர்த்தியம் இது. நில உறுதி எழுதுவித்தோ வேலி கட்டியோ அடையமுடியாத சொத்து.

தோட்ட வேலை நடக்க நடக்கத் தமக்கு ஒன்றுந் தெரியாது என்ற உண்மை அவருக்குத் தெரியலாயிற்று. மனத்திலே தோன்றுவதை மேசனுக்கும் தச்சனுக்கும் எடுத்துச் சொல்ல வரைபடம் வேண்டும், அளவு வேண்டும், மண்ணும் நீரும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற அறிவு வேண்டும். சட்டப் புத்தகத்தில் இவையில்லை. இரசனை மிகுந்த செல்வர் பலர் இவ்விடத்திலே ஒரு கொந்திராத்துக்காரனை அமர்த்திவிட்டுச் சாய்மானக் கதிரையிற் சாய்ந்துவிடுவர். பாவாவோ முப்பத்திரண்டாம் வயதிலே தொழில் பழகும் மாணாக்கராகச் சென்றார். 1951 ஆம் ஆண்டு எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் கந்தோரிலே, அதன் பங்காளருள் எஞ்சியிருந்த ஒரே பெரியவரான எச். எச். றீட் என்பாரிடம் சேர்ந்தார். அடுத்த வருடமே றீட் இறந்துபோனார்.

குருவை இழந்தவர் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிறிட்ஜில் ஒரு வருடம் கழித்தபின் இலண்டனிலுள்ள கட்டடக் கலைச் சங்கத்தின் கலாசாலையிற் சேர்ந்து 1956 ஆம் ஆண்டிலே டிப்ளோமா பெற்றார். 1957 ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகம் அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. வயது முப்பத்தெட்டு. தம்மினும் பத்துப் பதினைந்து வயது இளையோருடன் ஒரே மேசையில் இருந்து கோடு கீறப் பழகிய பாரிஸ்டரை நினைத்துப் பார்க்கின்றோம். நிலத்திலே தாலந்தைப் புதைத்து வைத்தவன் கதையை மிஷன் பாடசாலையில் எமக்குப் பலமுறை சொன்னார்கள். புதைத்ததைத் தோண்டியெடுக்க முப்பது வயதுக்குப் பின்னும் முடியும் என்பதை எவரும் சொல்லவில்லை. ஆனால் இது பாவாவுக்கு மாத்திரம் உரிய புதுமையன்று. இலண்டன் மாநகரத்துச் சென் போல்ஸ் தேவாலயத்தை அமைத்த கிறிஸ்தோபர் றென் கட்டடத் தொழிலுக்கு வருமுன் வானநூற் பேராசிரியராய் இருந்தவர்.

1958 ஆம் ஆண்டிலே பாவா அப்பழைய கம்பனியின் பங்காளரானார். பெயர்ப்பலகையிலே எட்வேட்ஸ், றீட், பெக் என்ற மூன்று ஆங்கிலேயர் பெயர். கந்தோரின் உள்ளேயோ அம்மூவருள் ஒருவரும் இல்லை. பாவாவும் பெயரை மாற்ற முயலவில்லை. அவர் கட்டிய கட்டடங்கள் எல்லாம் முப்பது வருடத்துக்கு மேலாக இறந்தவர்களின் பெயரிலேயே வெளிவந்தன.

அக்கந்தோருக்கு வந்து சேர்ந்தவர்களோ பல திசையினர். முதலிற் குறிப்பிடவேண்டியவர் உல்றிக் பிளெஸ்னர் என்ற தென்மார்க்கு நாட்டு இளைஞர். கொப்பன்கேகனிலே கட்டடக் கலை பயின்ற அவர், 1958 ஆம் ஆண்டிலே கண்டியில் மினெற் டி சில்வா என்ற பெண்மணியிடம் வேலை செய்ய வந்தவர். மினெற் அம்மையாரை இங்கே நினையாமற் செல்லுதல் தகாது. அவர் 1948 ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய நிறுவகத்தின் அங்கத்துவம் பெற்றவர். நம் நாட்டுத் தச்சரையும் நெசவாளரையும் வண்ணக்காரரையும் புதுக் கட்டடத்துக்குள் அழைத்துவந்தவர். பாவாவின் பெயரோடு இன்று சேர்த்துப் பேசப்படும் பல எண்ணங்களை அவர் பாவாவுக்கு முன்னரே செய்து காட்டியிருந்தார். அவருக்குக் கிடைத்த புகழ் குறைவு. பிளெஸ்னர் 1959 ஆம் ஆண்டிலே கொழும்புக்கு வந்து பாவாவுடன் சேர்ந்தார். அடுத்த ஏழெட்டு வருடங்களில் எழுந்த கட்டடங்களை இருவருக்கும் பொதுவென்றே நாம் கொள்கின்றோம். பழைய வளவுகளையும் விகாரைகளையும் இருவருஞ் சென்று பார்த்தனர். பாரிஸ்டருக்குக் கண்ணும் கற்பனையும் இருந்தன. தென்மார்க்கு இளைஞருக்கு மரத்தையும் செங்கல்லையும் எவ்வாறு பொருத்துவது என்ற கைத்தொழிற் பயிற்சியும் இருந்தது.

வலன்ரைன் குணசேகர என்பவர் இன்னொருவர். இவரும் இலண்டனிலே அதே கலாசாலையிற் படித்தவர். ஆனால் இவர் மனம் பழமையை நாடவில்லை. கொங்கிறீற்றையும் புதிய வடிவங்களையுமே நாடியது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு வேறு திசையில் நடந்த இவர் பின்னர் தனித்துத் தொழில் நடத்தினார். லக்கி சேனநாயக்க என்ற ஓவியர் படம் வரையும் உதவியாளராக அங்கே இருந்தார். இஸ்மத் றகீம் என்ற இளைஞரும் இருந்தார். பாவாவின் கட்டட வரைபடங்களிலே ஒவ்வொரு மரமும் இலையிலையாகத் தீட்டப்பட்டிருப்பதைப் பார்த்து வெளிநாட்டார் வியக்கின்றனர். அந்த இலைகளைத் தீட்டிய கைகள் இவர்களுடையவை. வெளியிலிருந்து பற்றிக் கலைஞர் ஏனா டி சில்வாவும், கைத்தறித் துணிகளுக்கு வர்ணம் வகுத்த பாபரா சன்சோனியும் துணைநின்றனர்.

ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பு அல்பிறட் பிளேசில் 1960 முதல் 1962 வரை கட்டிய வீடு அக்காலத்து வேலைக்கு நல்ல உதாரணம். பொலிஸ் மா அதிபராயிருந்த ஒஸ்மண்ட் டி சில்வா அவர் கணவர். நகரத்து நடுவே சிறிய காணி. ஆங்கிலேயர் காலத்து வழக்கப்படி காணியின் மத்தியிலே பங்களாவை நிறுத்திச் சுற்றிவரப் புல்வெளி விட்டிருந்தால் மிஞ்சுவது நான்கு ஒடுங்கிய ஒழுங்கைகள்தாம். பாவா காணியின் ஓரங்களிலே மதிலையும் அறைகளையும் வைத்து நடுவே வெளி முற்றத்தை விட்டார். முற்றத்திலே மரம், ஆட்டுக்கல், மழைநீர். அதனைச் சுற்றித் தூண் வைத்த விறாந்தை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலே பிறந்து வளர்ந்த எவருக்கும் இஃது ஒரு புதுமையாகத் தோன்றாது. நம் பாட்டிமார் நெல்லுக் காயவிட்ட முற்றந்தான். ஆனால் நாமோ அக்காலத்திலேயே நாற்சார் வீட்டை இடித்துவிட்டுச் சீமெந்துப் பங்களாக் கட்டுவதைப் பெருமையாக எண்ணத் தொடங்கியிருந்தோம். இந்த வீடும் இடிபட இருந்தது. 2009 ஆம் ஆண்டு தொடக்கம் ஓடு ஓடாக, கல் கல்லாக இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு லுணுகங்கைக்குக் கொண்டுபோகப்பட்டு 2016 ஆம் ஆண்டளவில் மீண்டும் பூட்டப்பட்டது.

அறுபதுகளிலே அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. கண்ணாடி, உருக்கு முதலிய இறக்குமதிப் பொருள்கள் அருமையாயின. வேறு கட்டடக் கலைஞர் இதனைத் தடையென்று கருதியபோது இக்கந்தோர் உள்ளூர்க் களிமண்ணையும் கருங்கல்லையும் தென்னை மரத்தையும் எடுத்துக்கொண்டது. கூரைக்கு அவர்கள் கண்ட உபாயம் எளியது. பழைய அரைவட்ட நாட்டு ஓடு அழகானது, குளிர்ச்சியானது. ஆனால் மழைக்கு ஒழுகும், குரங்கும் காகமும் நடந்தால் இடம்பெயரும். நெளிந்த அஸ்பெஸ்ரஸ் தகடு ஒழுகாது. ஆனால் பார்வைக்கு விகாரம், வெயிலிலோ கொதிக்கும். தகட்டைக் கீழே விரித்து அதன் நெளிவுகளின்மேல் நாட்டு ஓட்டைப் பரப்பிவிட்டால் தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். இன்று அஸ்பெஸ்ரஸ் தூசி சுவாசப்பைக்கு எத்துணைத் தீங்கானது என்பது தெரிந்துவிட்டது. அன்று அவ்வெச்சரிக்கை இங்கே இல்லை.

நிக்கவெரட்டியாவுக்கு அருகே பொலொந்தலாவை என்னுந் தோட்டத்திலே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்காக முகாமையாளர் பங்களா அமைக்கச் சென்றபோது நடந்ததும் சுவையானது. கம்பனியார் காட்டிய இடம் பாவாவுக்கும் பிளெஸ்னருக்கும் பிடிக்கவில்லை. அருகிலே பெரும் பாறைகள் உருண்டு கிடந்த ஓரிடத்தைத் தேர்ந்து, கடதாசியிற் படம் வரையாமல், கம்பும் கயிறும் கொண்டு நிலத்திலேயே வீட்டைக் குறித்தனர். நம்மூர் ஆசாரியார் நிலையம் எடுப்பது போலத்தான். பாறையே சுவராகியது, பாறையின்மேலேயே கூரை தங்கியது.

பிளெஸ்னர் 1966 ஆம் ஆண்டின் இறுதியோடு இந்நாட்டைவிட்டு நீங்கினார். இவ்விடத்திலே நாம் சற்றுத் தாமதிக்க விரும்புகின்றோம். ஏனெனில் அவருக்குப் பின் பாவாவின் பங்காளராக அமைந்தவர் மற்றொரு கட்டடக் கலைஞர் அல்லர், ஒரு பொறியியலாளர், தமிழர். கே. பூலோகசுந்தரம் என்பது அவர் பெயர். பாவாவைப் பற்றி அழகிய படங்களோடு வெளிவந்த பெரிய புத்தகங்களில் இப்பெயர் சில வரிகளிலே வந்து மறைந்துவிடுகிறது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல், 1989 ஆம் ஆண்டு கந்தோர் மூடப்படும் வரை, அவர்கள் இருவருமே அக்கம்பனியைச் சுமந்தனர். பாவாவின் பெரிய கட்டடங்களுட் பெரும்பாலன இந்த இருபது வருடத்துக்கு உரியவை.

பொறியியலாளரின் தொழில் எத்தகையது என்பதைப் பொறியியற் பீடத்திற் பயிலும் நண்பர்கள் நன்கறிவர். இந்த உத்தரம் இவ்வளவு பாரந் தாங்குமா, இந்த நிலம் இறங்குமா, இந்தத் தூணை எடுத்துவிட்டால் மேலே என்ன நடக்கும் என்று கணக்குப் பார்ப்பவர் அவர். கணக்குப் பிழையாமல் இருக்கும்வரை அவரை எவரும் நினைப்பதில்லை. கட்டடம் நின்றால் கலைஞருக்குப் பாராட்டு. விழுந்தால் பொறியியலாளருக்கு விசாரணை. பாவாவோ நிலத்திலே நின்று பார்த்துத் தீர்மானிக்கும் இயல்பினர். எழும்பிக்கொண்டிருக்கும் சுவரைக்கூட இன்னும் சற்று விலகியிருக்கலாமே என்று கருதக்கூடியவர். அத்தகைய ஒருவருக்குப் பக்கத்திலே கணக்கோடு நிற்பது இலேசான காரியமன்று. கனவு காண்பவரும் கணக்கறிந்தவரும் ஒரு கந்தோரிலே இரண்டு தசாப்தம் பிரியாமல் இருந்தனர் என்பதை அக்கட்டடங்களுக்கு நிகரான சாதனையாகவே நாம் மதிக்கின்றோம்.

பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் 1967 முதல் 1969 வரை எழுந்தது. அக்காலத்து விருந்துநிலைகள் பெரும்பாலும் வெளிநாட்டு மாதிரியில் அமைந்த சதுரப் பெட்டிகள். இங்கேயோ பழங் கோட்டை மதில் போன்ற கருங்கல் அடித்தளம், நடுவே தடாகம், மண்டப முகட்டிலே ஏனா டி சில்வாவின் பற்றித் துணிகள். ஒறுவலையிலே உருக்குக் கூட்டுத்தாபனத்துக்கு அமைத்த கந்தோரிலோ ஓடும் மரமும் இல்லை. கொங்கிறீற்றுச் சட்டங்கள் மாடிக்கு மாடி முன்தள்ளி ஒரு தடாகத்தின்மேல் நிற்கின்றன. நாட்டு ஓட்டு வீடுதான் பாவாவுக்கு வரும் என்று எண்ணுவோர் இதனைப் பார்க்க வேண்டும். 1970 ஆம் ஆண்டு யப்பானில் ஒசாகா நகரத்து உலகப் பொருட்காட்சியில் இலங்கையின் மண்டபமும் இக்கந்தோரின் வேலையே. தமிழகத்தில் மதுரைச் சிறுவர் நகரும், மதுரைக் கிளப்பும், சென்னைக் கன்னிமாரா ஹோட்டலின் புதுக்கிய பகுதியும் இவர்களால் அமைக்கப்பட்டவை. 1976 முதல் 1978 வரை கொழும்பிலே அரச ஈட்டு வங்கிக்காக எழுப்பிய பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இயந்திரக் குளிரூட்டலை நம்பாது காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே வரவழைக்கும் வகையிற் சுவர்களைத் திட்டமிட்டனர்.

அதே காலத்திலே பேரை வாவியில் எழுந்தது சீமாமாலகம். பௌத்தருடைய கட்டடம், அதற்குப் பணம் உதவியவர் மகனை இழந்த ஒரு முஸ்லிம் வணிகர், வகுத்தவர் கலப்பு மரபில் வந்த பாவா, அதன் மூலைகளிலே சிவன், விட்டுணு, கந்தன், கணபதி ஆகியோருக்குச் சிறு சந்நிதிகள். நீரின்மேல் மிதப்பது போன்ற அந்த மேடையைக் கங்காராமைப் பக்கம் போகும் எவரும் பார்க்கலாம்.

இனிப் பாராளுமன்றம். காலிமுகத்திடலருகே 1930 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பழைய மண்டபம் இடம்போதாததாயிற்று. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா 1979 ஆம் ஆண்டிலே புதிய கட்டடத்தைப் பாவாவிடம் ஒப்படைத்தார். இடம் கோட்டே. பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் அரசிருக்கையாயிருந்த அப்பகுதி அன்று சதுப்பு நிலம். சேற்றை வாரி அகற்றி நீரைத் தேக்கி ஒரு பெருவாவியை ஆக்கி, அதன் நடுவே எஞ்சிய மேட்டைத் தீவாக்கி, அத்தீவிலே கட்டடத்தை நிறுத்துவது என்று தீர்மானமாயிற்று. நடுவே பிரதான மண்டபம். சுற்றிவரச் சிறு மண்டபங்கள். எல்லாவற்றின்மேலும் செம்புத் தகடு வேய்ந்த சரிந்த கூரைகள். கூரை கனக்கிறது என்ற எண்ணமே பார்ப்பவருக்குத் தோன்றாது. சேற்று நிலத்திலே அத்தகைய கட்டடத்தை மூன்று வருடத்துக்குள் எழுப்புவதென்றாற் பாரத்தையும் நீரையும் காலத்தையும் ஒருங்கே கணக்கிட வேண்டும். யப்பானியக் கம்பனி ஒன்று கட்டும் வேலையை ஏற்றது. பாவாவுடன் பூலோகசுந்தரமும், நெடுநாள் உதவியாளரான வசந்தா ஜேக்கப்சன் அம்மையாரும் பொறுப்பேற்றனர். லக்கி சேனநாயக்க வெள்ளியிலே பனையோலை போன்ற பெருந் தூங்குவிளக்கை அமைத்தார்; ஏனா டி சில்வா கொடிகளை ஆக்கினார். 1982 ஆம் ஆண்டு ஏப்பிரில் 29 ஆந் திகதி மண்டபம் திறக்கப்பட்டது.

பதினைந்து மாதம் கழியுமுன் 1983 யூலை வந்தது. கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தன. ஓகஸ்டு மாதத்திலே அந்தப் புதிய மண்டபத்திலேயே அரசியலமைப்பின் ஆறாந் திருத்தம் நிறைவேறியது. அதன்படி சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி அங்கத்தவர்கள் ஆசனங்களை இழந்தனர். ஒரு தமிழரின் பெயரும் பொறுப்பாளர் வரிசையில் இருந்த அந்த மண்டபத்திலே தமிழர் பலரின் ஆசனங்கள் வெறுமையாயின. கட்டடக் கலை நூல்கள் இதனைப் பேசுவதில்லை; அது அவற்றின் விடயமன்று என்று கூறலாம். ஆனால் அவ்வாவிக் கரையால் பஸ்ஸிற் போகும் போதெல்லாம் நமக்கு இரண்டு நினைவும் சேர்ந்தே வருகின்றன. கூரையின் அழகை மறுக்கவும் முடிவதில்லை. அதன் கீழ் நடந்ததை மறக்கவும் முடிவதில்லை.

மாத்தறையிலே றுகுணைப் பல்கலைக்கழகம் அக்கந்தோரின் இறுதிப் பெருவேலைகளுள் ஒன்று. மூன்று குன்றுகளின்மேல், கடலைப் பார்க்க, சரிவுக்கேற்ப இறங்கியும் ஏறியும் அமைந்த மண்டபங்கள் அவை. பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்குப் போகும் வழியிலே நின்று காற்று வாங்க ஓரிடம் வேண்டும் என்பதை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாணவராகிய எமக்கு இதிலும் பார்க்கச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1989 ஆம் ஆண்டிலே எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் கந்தோர் மூடப்பட்டது. அல்பிறட் ஹவுஸ் வீதியிலிருந்த அக்கட்டடம் பின்னர் ஒரு சிற்றுண்டிச் சாலையாயிற்று. பாவாவுக்கு அப்போது எழுபது வயது. இனி ஓய்வு என்றே எவரும் எண்ணியிருப்பர். அவரோ கொள்ளுப்பிட்டி 33 ஆம் ஒழுங்கையிலுள்ள தம் வீட்டிலே சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார். அந்த வீடும் ஒரு வேடிக்கை. 1958 ஆம் ஆண்டு வரிசையாயிருந்த நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை வாடகைக்கு எடுத்தவர், ஒவ்வொன்றாக மற்றவற்றையும் சேர்த்துச் சுவரை நீக்கி, முற்றம் திறந்து, ஒரே வீடாக்கிவிட்டார்.

அவ்வயதிலே வந்த வேலைதான் கந்தளமை ஹோட்டல். கேட்டவர்கள் சீகிரியாக் குன்றின் அருகே வேண்டும் என்றனர். பாவா அங்கே கட்ட மறுத்து, சில மைல் தள்ளிக் கந்தளமைக் குளத்தின் மேலுள்ள பாறைச் சரிவைத் தெரிந்தார். குளம் பழுதாகும், காடு அழியும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் 1994 ஆம் ஆண்டிலே வேலை முடிந்தது. இன்று போய்ப் பார்ப்பவர் கட்டடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கொடியும் மரமும் அதனை மூடி, குரங்குகள் அதன் சட்டங்களிலே ஏறி விளையாடுகின்றன. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விகள் தவறானவை என்று நாம் சொல்லோம். அவர்கள் கேட்டதனாலேயே அவ்வளவு கவனமாய்க் கட்டப்பட்டிருக்கவுங் கூடும்.

1998 ஆம் ஆண்டிலே பாரிசவாதம் அவரைத் தாக்கியது. பேச்சு நின்றது. ஆகா கான் கட்டடக் கலைப் பரிசிலின் தலைவர் விருது, வாழ்நாள் முழுவதற்குமாக, 2001 ஆம் ஆண்டிலே அவருக்கு வழங்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆந் திகதி கொழும்பிலே காலமானார். உடலை லுணுகங்கைக்குக் கொண்டுசென்று, கட்டடக் கலை என்றால் என்னவென்று அறியாதிருந்த நாட்களிலே தாம் சீவி இறக்கிய அந்தக் கறுவாமேட்டிலே தகனஞ் செய்தனர். அங்கிருந்து பார்த்தால் வாவியும், அதற்கப்பால் அந்த வெள்ளைத் தாதுகோபமும் இன்றும் தெரிகின்றன.